வீட்டை வித்தா ஒரு சீசன்

காக்ஸ் டவுன்ல எங்களுக்கு ஒரு வீடு இருக்கு. முப்பதுக்கு நாப்பது சைட். கீழே அம்மாவும் தம்பி குடும்பமும், மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு. மார்க்கெட்டுக்குப் பொடிநடையா போயிட்டு வந்துடலாம். அந்த வீட்டை வித்தா இங்கிலாந்துல பார்முலா 4 கார் பந்தயத்துல ஒரு வருஷம் ஓட்டலாம். ஒரே ஒரு வருஷம். ரெண்டு மாசமா ஆபீஸ் ஆணிக்கு நடுவுல இந்தக் கணக்கைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

ஓட்டப்போறது நான் இல்லைங்க. இந்தத் தொப்பைக்கு அந்தக் காரோட சீட்டே பத்தாது :-) தம்பி பையன். பதினஞ்சு வயசு முடியப் போகுது. ஒன்பது வயசுலேர்ந்து ஹென்னூர் ரோட்டுப் பக்கம் கார்ட்டிங் ஓட்டறான். நல்லாவே ஓட்டறான். வீட்டு ஷோகேஸ்ல எங்க அப்பாவோட ஹெச்.ஏ.எல். நினைவுப் பரிசுக்குப் பக்கத்துல அவனோட கோப்பைங்க பதினொண்ணு நிக்குது.

நான் இருக்கிறது நார்தாம்ப்டன். சில்வர்ஸ்டோன் பந்தயத் திடல் இங்கேர்ந்து அரை மணி நேர ட்ரைவ். அதனால எங்க குடும்பத்துல கார் பந்தயத்துக்கு நான்தான் ஏகபோக நிபுணர். கேம்பிரிட்ஜ்ல குடியிருக்கிறவன்கிட்ட போய் பௌதிகம் கேக்கற மாதிரி.

விஷயம் இதுதான். இங்க ஒரு டீம்கிட்ட தம்பி விலை கேட்டு வாங்கியிருக்கான். பேர் வேண்டாம். ஒரு சீசனுக்கு ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டு. நம்ம ரூபாயில மூணு கோடியைத் தாண்டுது. காரை இடிச்சா ரிப்பேர் செலவு தனி. காக்ஸ் டவுன் வீட்டுக்கு தரகர் சொன்ன விலையும் கிட்டத்தட்ட அதே மூணு கோடி சொச்சம். அப்பா உயில் எழுதாம போயிட்டார். அதனால அம்மா, தம்பி, நான்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் விக்க முடியும். நான் இங்க இந்தியத் தூதரகத்துல ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அனுப்பினா போதும்னு தம்பி சொல்றான்.

"இன்னாண்ணா யோசிக்கிற? பையன் உன் வீட்லயே தங்கிப்பான். உனக்கும் பேச்சுத்துணை" அப்படின்னான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க தாத்தா வட ஆற்காட்டுலேர்ந்து கன்டோன்மென்ட்டுக்கு வேலை தேடி வந்தவர். கடைசி வரைக்கும் வாடகை வீடு. அப்பா சொசைட்டி லோன் போட்டு, அம்மா நகையை வச்சு, முதல்ல ரெண்டு ரூம் மட்டும் கட்டினார். மீதி ரூம் எல்லாம் ஒவ்வொரு போனஸுக்கும் ஒவ்வொண்ணா எழும்பினது. மூணு தலைமுறையா ஊர் விட்டு ஊர் போயிட்டே இருக்கற எங்க குடும்பத்துக்கு 'நம்மது'ன்னு சொல்லிக்க பூமியில இருக்கறது இந்த ஆயிரத்து இருநூறு சதுர அடிதான்.

சரி, சென்டிமென்ட்டை ஓரமா வச்சிட்டு கணக்குக்கு வரேன்.

பார்முலா 4ங்கறது ஒரே ஒரு ஆள் உக்கார்ற, சக்கரம் நாலும் வெளியே தெரியற காரோட முதல் படி. பதினஞ்சு வயசுலேர்ந்து ஓட்டலாம். அதுக்கு மேல பார்முலா 3, பார்முலா 2, உச்சியில டிவியில நாம பாக்கற பார்முலா 1. இங்க பிரிட்டிஷ் பார்முலா 4ல ஒரு சீசன்னா வழக்கமா பத்து வார இறுதி. ஒவ்வொண்ணுலயும் மூணு பந்தயம். ஒரு பந்தயம் சுமார் இருபது நிமிஷம். ஆக மொத்தம் முப்பது பந்தயம், அறுநூறு நிமிஷம், பத்து மணி நேரம். ஒரு வீட்டைக் குடுத்து வாங்கற பந்தயம் பத்து மணி நேரம். நிமிஷத்துக்கு அம்பதாயிரம் ரூபாய்க்கு மேல.

இதுல ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அந்தக் காசுல பாதி பந்தயத்துக்கே இல்லை. நடுவுல வர்ற டெஸ்ட் நாளுக்கு. டயருக்கு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வளைவுலயும் எங்க பிரேக் பிடிச்சான்னு கோடு கோடா வரைஞ்சு காட்டற இன்ஜினியருக்கு. அதிக நாள் டெஸ்ட் பண்ணினவன் அந்த வளைவுக்கு ஏற்கனவே இருநூறு தடவை போயிட்டு வந்திருப்பான். பந்தய வெள்ளிக்கிழமை அன்னிக்கு முதல் தடவையா அந்தத் திடலைப் பாக்கற பையன் அவனோட மோதணும். திறமை முக்கியம்தான். ஆனா திறமை வெளிய தெரியறதுக்கே ஒரு டிக்கெட் வேணும்.

நம்ம பெங்களூர்ப் பையன் ஒருத்தரோட சீசனைச் சொன்னா இது இன்னும் விளங்கும்.

அர்ஜுன் மைனி. 1997 டிசம்பர்ல பிறந்தவர். அப்பா கௌதம் மைனியும் ஒரு காலத்துல இந்தியாவுல ரேஸ் ஓட்டினவர். ரேவான்னு குட்டியா ஒரு மின்சாரக் கார் பெங்களூர் ரோட்டுல ஓடிச்சே, அதைக் கொண்டுவந்த சேத்தன் மைனி அதே குடும்பம். 2011ல போர்ஸ் இந்தியா டீம் நாடு முழுக்கத் தேடி மூணு பசங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. அதுல அர்ஜுனும் ஒருத்தர். 2014ல இங்கிலாந்துல பி.ஆர்.டி.சி. பார்முலா 4ன்னு ஒரு தொடர் நடந்தது (இப்ப இருக்கற பிரிட்டிஷ் பார்முலா 4 இல்லை, அதுக்கு முந்தினது). எட்டு வார இறுதி, இருபத்தி நாலு பந்தயம். ஏப்ரல்ல ஆரம்பிச்ச சீசன் நார்ஃபோக் பக்கம் ஸ்னெட்டர்ட்டன்ங்கற திடல்ல முடிஞ்சது. சாம்பியன் யாருங்கறது கடைசி வார இறுதி வரைக்கும் இழுத்தது. கடைசியில முதலிடம் ஒரு இங்கிலாந்துப் பையனுக்கு. அர்ஜுன் ரெண்டாவது. வித்தியாசம் மூணே புள்ளி.

இருபத்தி நாலு பந்தயத்துல மூணு புள்ளிங்கறது எங்கயோ ஒரு வளைவுல ஓரிரு இடம் விட்டது, அவ்வளவுதான். அந்த முதல் பையன் பேர் ஜார்ஜ் ரஸல். ஆமாங்க, அதே ரஸல். அப்புறம் 2017ல ஜி.பி.3 சாம்பியன், 2018ல பார்முலா 2 சாம்பியன், 2019ல பார்முலா 1, 2022ல மெர்சிடிஸ் டீம், அதே வருஷம் பிரேசில்ல முதல் வெற்றி.

நம்ம அர்ஜுன் ஒண்ணும் நின்னுடலை. ஐரோப்பிய பார்முலா 3 போனார். ஜி.பி.3 போனார். 2017ல பார்சிலோனாவுல ஜி.பி.3 பந்தயம் ஜெயிச்ச முதல் இந்தியர் ஆனார். 2018ல பார்முலா 2. அதுக்கு மேல அந்த ஏணி அவருக்கு எட்டலை. அவர் ஜெர்மனி பக்கம் திரும்பி 2021ல டி.டி.எம். தொடர்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். ரேஸ் ஓட்டறதையே தொழிலா வச்சு வாழறார். அது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்தத் துறையைக் கொஞ்சம் எட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும். தம்பி குஷ் மைனியும் அதே வழி. 2025ல மொனாக்கோவுல பார்முலா 2 பந்தயம் ஒண்ணு ஜெயிச்சார்.

இதைத் தம்பிகிட்ட சொன்னப்ப அவன் குஷியாயிட்டான். "பாத்தியாண்ணா? நம்ம ஊர்ப் பையன் மூணு புள்ளியில ரஸலோட மோதியிருக்கான். நம்மாளுங்களால முடியும்!"

நான் அதே கதையில வேற ஒண்ணைப் பாத்தேன். 2014 சீசன் முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் அடுத்த பில் வந்திருக்கும். முந்தினதை விடப் பெரிய பில். இந்த விளையாட்டுல தோத்தவனுக்குச் செலவு அதோட நின்னு போகும். நல்லா ஓட்டினவனுக்குத்தான் செலவு ஏறும். பார்முலா 4ல பேர் வாங்கினா பார்முலா 3. அதுக்கு இன்னும் சில லட்சம் பவுண்டு அதிகம். அங்கயும் பேர் வாங்கினா அதுக்கும் மேல. ரஸலுக்கு 2017லேர்ந்து மெர்சிடிஸ் பின்னால நின்னது. அப்படி யாராவது கை குடுக்கற வரைக்கும் குடும்பம்தான் தூக்கிச் சுமக்கணும். எங்க பையன் நல்லா ஓட்டாம போயிடுவானோங்கறது என் பயம் இல்லை. நல்லா ஓட்டிட்டா என்ன பண்றதுங்கறதுதான் என் பயம். முதல் சீசனுக்கே வீடு போயிட்டா, ரெண்டாவது சீசனுக்கு எதை விக்கறது?

தம்பி விடலை. நரேன் கார்த்திகேயனை இழுத்தான். சரின்னு அதையும் உக்காந்து பாத்தோம், வீடியோ கால்லயே, ஆளுக்கு ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு.

நரேன் கோயமுத்தூர்ல வளர்ந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனே தேசிய ராலி சாம்பியன். அதே ஊர்ல கரிவரதன்னு ஒரு மனுஷன் இருந்தார். மாருதி இன்ஜினை வச்சு ஒற்றை இருக்கை ரேஸ் காரை நம்ம ஊர்லயே செஞ்சவர். 1995ல விமான விபத்துல போயிட்டார். செட்டிப்பாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான். நரேன் முதல்ல ஓட்டினது ஸ்ரீபெரும்புதூர்ல, பார்முலா மாருதி. 1992ல பிரான்சுக்குப் போய் ரேஸ் ஸ்கூல்ல படிச்சார். 1994ல இங்கிலாந்துல பார்முலா போர்டு. அப்புறம் ஆசியாவுக்குத் திரும்பி 1996ல பார்முலா ஆசியா சாம்பியன். மறுபடி இங்கிலாந்து, 1998லேர்ந்து 2000 வரைக்கும் பார்முலா 3. 2001ல ஜப்பான். பார்முலா 1 பந்தயத்துல முதல்ல ஓட்டினது 2005ல, ஜோர்டன் டீமுக்கு.

பேப்பர்ல 1992ன்னு எழுதி, பக்கத்துல 2005ன்னு எழுதி, கழிச்சுப் பாத்தோம். பதிமூணு வருஷம். நரேன் ஒரு சீசன் வாங்கலை. பதிமூணு வருஷம் வாங்கினார். குடும்பத் தொழில், டாட்டா மாதிரி ஸ்பான்சர், ஒரு ஊரே கட்டி வச்ச ரேஸ் பழக்கம், எல்லாம் சேந்து. அதுலயும் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். யாரும் அவரை ஒரே தாவா தாவச் சொல்லலை.

"ஹாமில்டன் அப்பா மூணு வேலை பாத்து ஓட்ட வச்சாராமே?" இது தம்பியோட கடைசி அஸ்திரம். உண்மைதான். ஆனா லூயிஸ் ஹாமில்டனை மெக்லாரன் டீம் கையில எடுத்தப்ப வருஷம் 1998, அவருக்கு வயசு பதிமூணு. கார்ட்டிங் செலவு வரைக்கும்தான் அப்பாவோட மூணு வேலை. இப்ப நாம பேசற படிக்கு அவர் வரும்போது பின்னால மெக்லாரன் இருந்தது.

பணம் மட்டுமா? நான் அம்மாகிட்ட சொல்லாத ஒண்ணை இங்க சொல்றேன். 2017 ஏப்ரல்ல டோனிங்டன் திடல்ல, இதே பிரிட்டிஷ் பார்முலா 4 பந்தயத்துல, நின்னு போயிருந்த ஒரு கார் மேல பில்லி மங்கர்ங்கற பதினேழு வயசுப் பையனோட கார் மோதிடுச்சு. ரெண்டு காலையும் எடுக்க வேண்டியதாயிடுச்சு. அந்தப் பையன் அடுத்த வருஷமே கையால இயக்கற காரை வச்சுக்கிட்டு பார்முலா 3 ஓட்ட வந்துட்டான். அந்தத் தைரியத்துக்கு எவ்வளவு சல்யூட் வச்சாலும் தகும். ஆனா பையனோட பெரியப்பாவா படிக்கும்போது தைரியம் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது.

அப்புறம் தனியா வந்து வாழற நமக்கெல்லாம் புரியற இன்னொண்ணு. 2018 ஜூலையில இதே சில்வர்ஸ்டோன்ல, பார்முலா 2 பந்தயம் முடிஞ்சு மெதுவா திரும்பி வர்ற சுத்துல, அர்ஜுன் மைனியோட காரை அவரோட சொந்த டீம்காரரே வேணும்னு இடிச்சார். நடுவர்கள் விசாரிச்சு அவருக்கு நாலு பந்தயம் தடையும் அபராதமும் போட்டாங்க. ரூல் புக்படி நியாயம் கிடைச்சது. ஆனா இருபது வயசுல, வீட்டுலேர்ந்து எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, தன் டீம்காரனே பின்னாலேர்ந்து இடிச்ச ராத்திரி அந்தப் பையன் யார்கிட்ட பேசினாரோ! எங்க பையனுக்கு இப்ப பதினஞ்சு.

இவ்வளவு சொன்னப்புறமும் தம்பி கேட்ட ஒரு கேள்விக்கு என்னால டக்குனு பதில் சொல்ல முடியலை. "நீ லண்டனுக்குப் படிக்கக் கிளம்பினப்ப அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் குடுத்தார்ல? அன்னிக்கு யாராவது கணக்குப் பாத்தோமாண்ணா? உனக்கு ஒரு நியாயம், என் புள்ளைக்கு ஒரு நியாயமா?"

நியாயமான கேள்வி. வெளியூர்ல இருக்கற நம்ம எல்லார் பின்னாலயும் இப்படி ஒரு பி.எஃப். பணமோ, அடகு வச்ச வளையலோ, வித்த அரை ஏக்கரோ இருக்கு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. தங்கமணிகிட்ட புலம்பினேன். அவங்கதான் தெளிவா சொன்னாங்க: "உங்களுக்கு அப்பா குடுத்தது ஒரு தடவை. நீங்க வேலைக்குச் சேந்த அடுத்த மாசத்துலேர்ந்து பணம் அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சது. இது அப்படியா?"

அதுதான் வித்தியாசம். நம்ம பயணத்துல ஒரு தடவை கடன், அப்புறம் சம்பளம். வேலை கிடைக்கலைன்னாலும் கையில ஒரு டிகிரி. பார்முலா 4 முடிச்சு வர்ற பையன் கையில இருக்கறது ஒரு லேப் டைம் பட்டியல். அதைக் காட்டினா அடுத்த சீசனுக்கு விலை சொல்லுவாங்க. சம்பளம் தரமாட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை முடிவைச் சொன்னேன். கையெழுத்துப் போடப் போறதில்லை. அதோட நிறுத்தலை, ஒரு மாத்து வழியும் சொன்னேன். இந்தியாவுலயே இப்ப படி இருக்கு. கோயமுத்தூர்ல புதுசா வர்றவங்களுக்குன்னே ஜேகே டயர் நோவிஸ் கப் இருக்கு, அதுக்கு மேல எல்.ஜி.பி. பார்முலா 4, மாருதி சுசுகி இன்ஜின் கார். அதுலயும் தேறினா, 2023லேர்ந்து உலக அமைப்போட அங்கீகாரத்தோட நடக்கற இந்தியன் பார்முலா 4. இருங்காட்டுக்கோட்டையிலயும் கோயமுத்தூர்லயும் ஓடறாங்க, 2024 ஆகஸ்ட் கடைசியில சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி பந்தயமே நடந்தது. முதல் ரெண்டு வருஷச் செலவுல பாதியை நான் தரேன். அது என் சம்பளத்துலேர்ந்து, வீட்டுலேர்ந்து இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு மூணு பேரும் உக்காந்து பேசுவோம். எங்க நிறுத்தறதுங்கறதை இப்பவே எழுதி வச்சுக்குவோம், அப்புறம் ஆசை நம்மளை முடிவு பண்ண விடாது.

தம்பி ஒண்ணும் சொல்லலை. "பையன்கிட்ட நீயே சொல்லிடு"ன்னு போனைக் குடுத்துட்டான்.

அவன் ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் கேட்டான். "பெரியப்பா, நான் நல்லா ஓட்டலைன்னு நினைக்கறீங்களா?"

நல்லா ஓட்டறே கண்ணா, அதனாலதான் ஒரே சீசன்ல உன்னை முடிச்சுடக் கூடாதுன்னு பாக்கறேன்னு சொன்னேன். புரிஞ்சுதா தெரியலை. பதினஞ்சு வயசுல எனக்குப் புரிஞ்சிருக்காது. "சரி பெரியப்பா"ன்னு வச்சுட்டான். கோபம்தான். இருக்கட்டும். கோபம் ரெண்டு வருஷத்துல ஆறும்.

அம்மா? பேரன் கேட்டான்னு அம்மா அன்னிக்கே கையெழுத்துப் போடத் தயாரா இருந்தாங்க. பேனா எங்கன்னுதான் கேட்டாங்களாம். எழுபத்தி நாலு வயசுல வாடகை வீட்டுக்குப் போறதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. நான் போடாததுக்கு மேல சொன்ன கணக்கெல்லாம் ஒரு காரணம். அந்தப் பேனா இன்னொரு காரணம்.

நேத்து தம்பி மனைவிகிட்டேர்ந்து மெசேஜ். நோவிஸ் கப்புக்கு ஹெல்மெட் சைஸ் கேக்கறாங்க, அங்கேர்ந்து வாங்கிட்டு வர முடியுமான்னு. அளவு அனுப்பியிருந்தாங்க, 57 சென்டிமீட்டர். நாளைக்கு சில்வர்ஸ்டோன் பக்கம் ஒரு கடைக்குப் போகணும். கோயமுத்தூருக்கு டிக்கெட்டும் பாக்கணும்.